நான் சுத்தமாக்கிய கோதுமை

1

இந்த மாதத்தோடு நாங்கள் கனடாவுக்கு வந்து பதினோரு வருடம் ஆகிறது. என் வீட்டுக்காரர் பாஸ்கர் வேலையிலிருந்து திரும்பும்போது ஒரு கேக் வாங்கிக்கொண்டு வந்தார். எதற்கு என்று மகள் யாழினி கேட்டாள். இந்த ஊருக்கு வந்த நாள் என்று சொன்னதும், "ஓ" என்று ஒரு துண்டை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போய்விட்டாள். வரும்போது அவளுக்கு மூன்று வயது. விமானத்தில் பதினான்கு மணி நேரம் அழுதது எனக்குத்தான் ஞாபகம் இருக்கிறது, அவளுக்கு இல்லை.

மீதியை நாங்கள் இரண்டு பேரும் சாப்பிட்டோம். பாஸ்கர் ஏதோ பேச்சுக்கொடுத்துப் பார்த்தார். நான் தட்டுகளை எடுத்துக்கொண்டு எழுந்தேன். வெளியே மார்ச் மாதத்திலும் முழங்கால் உயரத்துக்குப் பனி. மேசையில் குடியிருப்பு அட்டையைப் புதுப்பிக்கும் படிவம் பாதி எழுதிக் கிடந்தது. பிறந்த ஊர் என்ற இடத்தில் வடக்குப்பட்டு என்று எழுதியிருந்தேன். போன தடவை கவுன்ட்டரில் இருந்த பெண் அப்படி ஓர் ஊர் கணினியில் இல்லை என்று சொல்லி, பக்கத்தில் இருக்கும் பெரிய ஊரைக் கேட்டாள். ஒரகடமும் இல்லை. சிங்கப்பெருமாள் கோவிலைச் சொன்னால் எழுத்துகள் கட்டத்துக்குள் அடங்கவில்லை. கடைசியில் சென்னையில் பிறந்தவளாகிவிட்டேன். என் பெயர் மல்லிகா. இங்கே எல்லோரும் என்னை மிஸஸ் ஏகாம்பரம் என்கிறார்கள். ஏகாம்பரம் என் அப்பா. இனிஷியலை விரித்து எழுதச் சொன்னார்கள், எழுதினேன், அதுவே குடும்பப் பெயராக நின்றுவிட்டது. பாஸ்கருக்கு இதில் இன்னும் கொஞ்சம் வருத்தம்.

ஊரில் கேட்கிறவர்களுக்கெல்லாம் "நல்லா இருக்கோம்" என்றே இத்தனை வருடம் சொல்லி வந்திருக்கிறேன். இந்த வருடம் நடந்ததை உள்ளபடி எழுதிவிடலாம் என்று தோன்றியது.

2

நான் வேலை பார்ப்பது ஒரு கோதுமை ஆராய்ச்சிப் பண்ணையில். அக்கா விஞ்ஞானி என்று என் தம்பி சேகர் ஊரில் சொல்லித் திரிகிறானாம். நம்பாதீர்கள். விதை எண்ணுவது, விதைப்பது, களை எடுப்பது, கதிர் அறுப்பது, கசக்கி ஊதி பாக்கெட்டில் போட்டு எண் ஒட்டுவது என்று எடுபிடி வேலைகள்தான் என்னுடையவை. விஞ்ஞானி டயான். அறுபதை நெருங்கும் பெண்மணி, எனக்கு மேலதிகாரி. பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும் என்று முதல் நாளே சொன்னார். ஏழு வருடம் ஆகியும் அவசரத்தில் எனக்கு மேடம் என்றுதான் வருகிறது.

கோதுமைக்கும் எனக்கும் ஊரில் இருந்த உறவு ரேஷன் கடையோடு சரி. அப்பாவுக்குச் சர்க்கரை வந்த பிறகு ராத்திரிக்குச் சப்பாத்தி. கம்பெனி கேன்டீனில் வியாழக்கிழமை கோதுமை உப்புமா போடுவார்கள், அன்றைக்கு எல்லோரும் வீட்டிலிருந்து டப்பா கொண்டுவருவோம். கோதுமைச் செடியை நான் முதலில் பார்த்ததே இங்கே வந்த பிறகுதான். புல் என்று நினைத்து மிதித்துவிட்டேன்.

அப்புறம் எப்படி இந்த வேலை கிடைத்தது என்றால், கண்ணால் கிடைத்தது. ஒரகடத்தில் ஆறு வருடம் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷனில் இருந்தேன். பிரேக்கில் போடுகிற ரப்பர் வளையங்கள். காலை ஐந்தே காலுக்கு ரோட்டுமுனையில் கம்பெனி பஸ், ஆறு மணிக்கு விளக்கு மேசை. ஒரு தட்டில் நூறு வளையம். நூறும் ஒன்றுபோல இருக்க வேண்டும். முதல் மாதம் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பேன். பிறகு தட்டைப் பார்த்தாலே போதும், கோணலானது தானே கண்ணில் குத்தும். என் தட்டை மறுபடி ஆள் வைத்துப் பார்ப்பதைச் சூப்பர்வைசர் நிறுத்திவிட்டார். அந்த இடத்தில் அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது.

அதற்கு முன்னால் அப்பாவின் நிலத்தில் செய்ததும் இதே வேலைதான். விதைநெல்லுக்கென்று ஒதுக்கிய வயலில் அறுப்புக்கு முன்னால் இறங்கி, உயரம் மாறினது, நிறம் மாறினது, முன்னே பின்னே பழுத்தது எல்லாவற்றையும் பிடுங்கிவிட வேண்டும். அதற்குக் கலப்பு எடுப்பது என்று பெயர். கலப்பு இருந்தால் அரவையில் நொறுங்கும், வியாபாரி முகத்தைச் சுளிப்பான். ஒரகடத்துத் தொழிற்பேட்டைக்கு, எங்கள் பேச்சில் எஸ்டேட்டுக்கு, அந்த நிலத்தை எடுத்தார்கள். அதைப் பற்றி ஊரில் நிறையப் பேர் உருகிப் பேசுவார்கள், எனக்கு அப்படி ஒன்றும் தோன்றியதில்லை. கிணறு வற்றி ஏற்கெனவே இரண்டு வருடம் ஆகியிருந்தது. நிலத்தில் எடுத்த கலப்பைக் கம்பெனியில் எடுக்கப் போனேன், அவ்வளவுதான்.

இங்கே பண்ணையில் சீசன் வேலைக்கு ஆள் எடுத்தபோது ஒரு தட்டில் விதையைக் கொட்டி, உடைந்ததைப் பொறுக்கச் சொன்னார்கள். மற்றவர்கள் பாதி முடிப்பதற்குள் நான் முடித்து எழுந்துவிட்டேன். அன்றே எடுத்துக்கொண்டார்கள்.

3

பண்ணையில் இரண்டு விதமான கோதுமை உண்டு. இது தெரிந்தால்தான் என் கதை புரியும்.

ஒன்று, டயான் உருவாக்கும் புது ரகம். அது விவசாயிக்குப் போக வேண்டியது. வயல் முழுவதும் ஒரே உயரம், ஒரே நாளில் பழுக்க வேண்டும். அதில் கலப்பு தென்பட்டால் பிடுங்கித்தான் ஆக வேண்டும். என் வேலையில் முக்கால் பங்கு இதுதான், இதில் என்னை மிஞ்ச ஆள் இல்லை.

இன்னொன்று, குளிர் அறையில் பாக்கெட் பாக்கெட்டாகத் தூங்கும் பழைய கோதுமை. எங்கெங்கோ மலைச்சந்தைகளில் யாரோ எப்போதோ கைப்பிடி கைப்பிடியாக வாங்கி வந்தது. அதை விளைத்த குடியானவர்கள் ஒரு நிலத்தில் ஒரே வகையை விதைத்ததில்லை. நெட்டை, குட்டை, வெள்ளை, கருப்பு எல்லாம் ஒன்றாகக் கிடக்கும். மழை பொய்த்தால் நான்கு செடி தாங்கும், நோய் வந்தால் வேறு நான்கு செடி தாங்கும், வீட்டுக்கு ஏதோ கொஞ்சம் வந்து சேரும். இன்றைக்கு உலகம் தின்னும் கோதுமையோ கிட்டத்தட்ட ஒரே வீட்டுப் பிள்ளைகள் மாதிரி. ஒன்றுக்கு வந்த நோய் எல்லாவற்றுக்கும் வரும். அப்படி வரும்போது டயானைப் போன்றவர்கள் இந்தப் பழைய பாக்கெட்டுகளிடம்தான் ஓடுவார்கள். அதில் எந்தச் செடி தாங்குகிறது என்று தேடிப் பிடித்து, அதன் மகரந்தத்தை எடுத்துப் புது ரகத்துக்குக் கட்ட வேண்டும். புது ரகத்தின் பூ விரியும் முன்னே சிறு இடுக்கியால் மகரந்தப் பையை எடுத்துவிட்டு உறை போடுகிற வேலையை நானே செய்வேன். ஒரு கதிருக்குக் கால் மணி நேரம். ரகமாக வெளிவரப் பத்து வருடம்.

விதை தூங்கினாலும் கிழடாகும். சில வருடங்களுக்கு ஒரு முறை பாக்கெட்டைப் பிரித்து விதைத்து, அறுத்து, புது விதையை நிரப்ப வேண்டும். இதுவும் என் பொறுப்பு. இதில் ஒரே ஒரு விதி. எது முளைக்கிறதோ அத்தனையையும் அப்படியே அறுக்க வேண்டும், ஒன்றையும் ஒதுக்கக் கூடாது.

அந்த விதி எனக்குத் தெரியாது. சொல்லவில்லை என்று பழி போட மாட்டேன். வேலைக்குச் சேர்ந்த வாரம் மூன்று நாள் பயிற்சி கொடுத்தார்கள். பெட்டியை எப்படிக் குனிந்து தூக்குவது, ஏணியில் எப்படி ஏறுவது என்றெல்லாம் படம் போட்டுக் காட்டினார்கள். கடைசியில் ஒரு கட்டுத் தாள், படித்துப் புரிந்துகொண்டேன் என்று ஒவ்வொன்றிலும் கையெழுத்து. ஒரகடத்தில் இண்டக்‌ஷன் நாளில் நாங்கள் எந்தத் தாளையும் படித்ததில்லை. எங்கே போடணும் என்று மட்டும் கேட்போம். இங்கேயும் அதையே கேட்டேன். விதி அந்தக் கட்டுக்குள் இருந்தது.

4

ஜனவரியில் டயான் ஒரு பழைய பாக்கெட்டைத் தேடி எடுத்தார். காற்றோடு தெற்கிலிருந்து புதிதாக ஒரு துரு நோய் வந்துகொண்டிருக்கிறது. இலையில் செம்மஞ்சளாகப் பொடி பூத்து, செடியின் சத்தையெல்லாம் உறிஞ்சிவிடும். எங்கள் ரகங்கள் ஒவ்வொன்றாக அதற்குப் பலியாகின்றன. ஆப்கானிஸ்தானத்து மலைச்சந்தை ஒன்றில் வாங்கிய இந்தக் கோதுமையில் ஆறில் ஒரு செடி துருவைத் தாங்கியதாகப் பழைய நோட்டில் யாரோ எழுதி வைத்திருந்தார்கள். டயான் கண்ணாடி வீட்டில் அறுபது விதை போட்டு, முளைத்ததும் துருவைத் தெளித்தார். இரண்டு வாரத்தில் அறுபதும் செம்மஞ்சள். ஒன்றுகூடத் தப்பவில்லை.

பழைய பதிவு தவறாக இருக்கும், அல்லது யாரோ பாக்கெட்டை மாற்றி வைத்திருப்பார்கள் என்றார் டயான். வெள்ளிக்கிழமை கூட்டத்தில் இதைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம் என்று சொல்லிவிட்டுக் கையுறையைக் கழற்றினார். தோள் தொங்கிப் போயிருந்தது. அந்தப் பாக்கெட்டை நம்பி ஒரு வருடத் திட்டம் போட்டு வைத்திருந்தார்.

நான் தட்டைக் கையில் பிடித்தபடி நின்றேன். பாக்கெட்டின் எண்ணைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. அதைப் புதுப்பித்தது நான்தான், இரண்டு கோடைக்கு முன்னால். நெட்டையான செடிகள், நீண்ட மீசை வைத்த வெள்ளைக் கதிர்கள். நடுநடுவே குட்டையாக, பழுப்புக் கதிரோடு, மற்றதெல்லாம் பழுத்த பிறகும் பச்சையாகவே நின்ற சில. நூறு வளையத்தில் கோணல் வளையம் குத்துகிற மாதிரி அவை கண்ணில் குத்தின. கலப்பு என்று நினைத்துப் பிடுங்கினேன். பதினோரு செடி. வரிசை முழுவதும் சீராகி நின்றபோது எனக்கு அவ்வளவு திருப்தி. டயானைக் கூப்பிட்டுக் காட்டினேன். அப்போது அவருடைய அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தார். காரில் ஏறிக்கொண்டே பார்த்து, நன்றாக இருக்கிறது என்று கையைக் காட்டிவிட்டுப் போனார்.

பழைய விதை ஒன்றும் மிச்சமில்லை. பாக்கெட்டில் இருந்ததே கொஞ்சம், அத்தனையையும் விதைத்திருந்தோம். யாரோ ஒரு குடியானவர் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றியதை நான் ஒரே காலை நேரத்தில் பிடுங்கி முடித்துவிட்டேன்.

இதில் இன்னொன்றும் உண்டு. ஏழு வருடமாக ஒவ்வொரு வசந்தத்திலும் என்னை மறுபடி சீசன் ஆளாகத்தான் எடுக்கிறார்கள். இந்த வருடம் நிரந்தர இடம் ஒன்று வருகிறது. அதற்கு என் பெயரைச் சிபாரிசு செய்ய வேண்டியவர் டயான்.

5

மறுநாள் காலை வேலைக்குக் கிளம்பும் முன் சேகருக்குப் போன் செய்தேன். எனக்குக் காலை என்றால் அவனுக்குச் சாயங்காலம். அதே எஸ்டேட்டில் ஒரு லாரி உதிரிபாகக் கம்பெனியில் குவாலிட்டியில் இருக்கிறான். ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தான்.

"இன்னாக்கா, இந்நேரத்துல? ஒடம்பு கிடம்பு சரியில்லியா?"

எல்லாவற்றையும் சொன்னேன். நடுவில் ஓர் இடத்தில் அழுதேன். அவன் கோதுமையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"சொல்லாத. சொன்னா உனுக்கு இன்னா கெடைக்கப்போது? போன மாசம் எங்க லைன்ல ஒருத்தன், தப்பு என்னுதுதான்னு சூப்பர்வைசர்கிட்ட போய் நின்னான். மறுநாளு பஸ்ல அவன் சீட்டு காலியா கீது."

"வேற யாருமே கண்டுபிடிக்க முடியாதுடா. அதுதான் பயமா கீது."

"சரி, புடுங்கினத இன்னா பண்ண? தூக்கிப் போட்டியா, வச்சிகினு கீறியா?"

"ரிஜெக்ட யாருனா கையெழுத்து வாங்காம தூக்கிப் போடுவாங்களா?" என்றேன்.

சொன்ன பிறகுதான் என் காதிலேயே விழுந்தது. அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். ஒரகடத்தில் எந்தக் கம்பெனியிலும் கழித்த பொருளைக் குப்பையில் போடக் கூடாது. சிவப்புப் பெட்டியில் போட்டு, லைன், தேதி, குறை என்று சீட்டு எழுதிக் கட்டி, மேலே இருப்பவர் கையெழுத்துப் போடும் வரை வைத்திருக்க வேண்டும். ஆறு வருடப் பழக்கம். அந்தக் கதிர்களையும் அப்படித்தான் சீட்டுக் கட்டி ஓர் அட்டைப் பெட்டியில் போட்டேன். இங்கே கையெழுத்துப் போட யாரும் வராததால் பெட்டி மேசையின் அடித்தட்டிலேயே கிடந்தது. நான் மறந்தும் போய்விட்டேன்.

"அப்ப ப்ராப்ளமே இல்லியேக்கா. அத்த எடுத்து அந்தப் பாக்கெட்லயே கலந்துடு. எவன் பாக்கப் போறான்?" என்றான் சேகர். அடுத்த நிறுத்தத்தில் இறங்க வேண்டும் என்று வைத்துவிட்டான்.

வேலைக்குப் போனதும் பெட்டியை எடுத்தேன். இருந்தது. ஏழாவது வரிசை, பதினோரு செடி, உயரக் குறைவு, நிறம் தவறு என்று என் கையெழுத்தில் சீட்டு. பழுக்கும் முன்னே பிடுங்கியதால் முக்கால்வாசிக் கதிர் வெறும் உமி. கசக்கிப் பார்த்ததில் முப்பத்திரண்டு மணி தேறியது, எல்லாம் சீரகம் மாதிரி சுருங்கியவை. அதை ஒரு காகிதத்தில் மடித்துக்கொண்டு குளிர் அறைக்குப் போய், அந்தப் பாக்கெட்டையும் எடுத்துவிட்டேன். ஒரு கையில் இது, ஒரு கையில் அது. வாயைப் பிரித்துக் கொட்டினால் முடிந்தது. சொல்லவே வேண்டாம்.

விரல் மரத்துப்போகும் வரை நின்றேன். என்னைத் தடுத்தது நேர்மை என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மையில் அது வேலைப் பழக்கம். கழித்ததை நல்ல பெட்டியில் கலப்பது நான் பார்த்த வேலையில் மன்னிப்பே இல்லாத குற்றம். அப்படிச் செய்த ஆளை நானே சூப்பர்வைசரிடம் காட்டிக்கொடுத்திருக்கிறேன். கை வரவில்லை. பாக்கெட்டை வைத்துவிட்டு, காகித மடிப்போடு டயான் அறைக்குப் போனேன்.

6

பஸ்ஸில் வரும்போது ஆங்கிலத்தில் நான்கு வாக்கியம் கட்டி வைத்திருந்தேன். கதவைத் தட்டியதும் நான்கும் பறந்துவிட்டன. மேடம், நான்தான், செடி, பிடுங்கிவிட்டேன் என்று துண்டு துண்டாகத்தான் வந்தது. டயான் என்னை உட்கார வைத்து, மறுபடி முதலிலிருந்து சொல்லச் சொன்னார்.

சொல்லி முடித்ததும் அவர் ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். ஏழு வருடத்தில் அவர் வாயிலிருந்து அதை நான் கேட்டதில்லை. என்னையா, காரில் ஏறிக்கொண்டே கையைக் காட்டிய தன்னையா என்று தெரியவில்லை. பிறகு காகிதத்தைப் பிரித்து மணிகளைப் பார்த்தார். எத்தனை என்று கேட்டார். முப்பத்திரண்டு என்றேன். இன்றைக்கே ஊற வை என்றார்.

அதோடு ஒரு படிவமும் கொடுத்தார். விதி மீறலுக்கான படிவம். தேதி, இடம், பொருள், காரணம். காரணத்துக்கு மட்டும் நான்கு கோடு விட்டிருந்தார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து எழுதி, எழுத்துப் பிழை பார்க்கச் சொல்லி யாழினியிடம் கொடுத்தேன். அவள் இப்போதெல்லாம் என் ஆங்கிலத்தைத் திருத்துவதற்கு மட்டும்தான் என் பக்கத்தில் உட்காருகிறாள். அதனாலேயே சில சமயம் வேண்டுமென்று தப்பாக எழுதுவேன்.

அவள் படித்துவிட்டு, "ஆக்ஸிடென்ட்னு போடும்மா. அப்படித்தான் எல்லாரும் போடுவாங்க" என்றாள்.

"அது ஆக்ஸிடென்ட் இல்ல. பார்த்துப் பார்த்துத்தான் பிடுங்கினேன்."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். இரண்டு இடத்தில் திருத்திவிட்டு எழுந்து போனாள். மற்றவற்றோடு ஒத்துப்போகவில்லை என்பதால் பிடுங்கினேன் என்று நான் எழுதியது அப்படியே இருந்தது. எழுத இன்னும் இரண்டு கோடு மிச்சம் இருந்தது. அந்த ஒரு வரிசையைப் பற்றி மட்டும்தான் எழுதியிருந்தேன். மற்ற வருடங்களைப் பற்றி, மற்ற வரிசைகளைப் பற்றி டயான் கேட்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

7

முப்பத்திரண்டில் பதினொன்று முளைத்தன. நூல் மாதிரி மெலிந்த முளைகள். பனிப்புயலில் பஸ் ஓடாத நாளிலும் நடந்து போய்ப் பார்த்தேன். பாஸ்கர் சிரித்தார், யாழினிக்குக் காய்ச்சல் வந்தபோதுகூட நான் இப்படி எழுந்து எழுந்து பார்க்கவில்லையாம். அது பொய், ஆனால் சண்டை போடத் தெம்பில்லை.

ஒன்பதாம் நாள் நானே அவற்றின்மேல் துருவைத் தெளித்தேன். பிழைக்க வைத்ததே நோய் கொடுத்துப் பார்க்கத்தான். அதன் பிறகு செய்ய ஒன்றுமில்லை, இரண்டு வாரம் காத்திருக்க வேண்டும். அந்த இரண்டு வாரமும் கண்ணை மூடினால் வரிசைகள்தான் வந்தன.

போன வாரம் டயானும் நானும் லென்ஸோடு உட்கார்ந்தோம். முதல் செடி செம்மஞ்சள். இரண்டாவது, மூன்றாவது, நான்காவது எல்லாம் அப்படியே. ஐந்தாவது செடியின் இலையில் பொடி இல்லை. ஆனால் இலை சுத்தமாகவும் இல்லை. ஊசியால் குத்தினது போல வெளிறிய புள்ளிகள் இறைந்திருந்தன. இதுவும் போச்சு என்று நினைத்தேன். டயான் லென்ஸை என்னிடமிருந்து வாங்கிப் பார்த்தார். வெகுநேரம் நிமிரவில்லை. துரு உள்ளே நுழைந்த இடத்தைச் செடி தானே சாகடித்துக்கொள்கிறது, அதற்கு மேல் நோயைப் பரவ விடவில்லை என்று விளக்கினார். அந்தப் புள்ளிகள் அதன் அடையாளம். விளக்கு மேசையில் அந்த இலை வந்திருந்தால் யோசிக்காமல் கழித்திருப்பேன். பதினொன்றில் மூன்று அப்படி இருந்தன.

டயான் என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது. பிழைத்துவிட்டது என்றார். நிரந்தர வேலைக்கான கடிதத்தில் முந்தின நாளே கையெழுத்துப் போட்டுவிட்டதாகவும், ஒளிக்காமல் வந்து சொன்ன ஆளைத்தான் அந்த இடத்தில் வைக்க வேண்டும் என்று எழுதியிருப்பதாகவும் சொன்னார். பிறகு அவர் லென்ஸைத் துடைத்து உறையில் போட்டுக்கொண்டே, சாதாரணமாகத்தான் கேட்டார்.

"நல்ல வேளை, இந்த ஒரு வரிசைதானே?"

ஆமாம் என்று தலையாட்டியிருந்தால் போதும். கேட்கிற தோரணையிலேயே அவர் ஆமாம் என்ற பதிலை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டார். சேகர் பக்கத்தில் இருந்திருந்தால் என் காலை மிதித்திருப்பான். கடிதத்தையும், பாஸ்கரின் முதுகுவலியையும், யாழினி போக வேண்டிய காலேஜையும் நினைத்தேன். மூன்று செடியும் எதிரிலேயே நின்றன. இவை பெட்டியில் கிடந்ததால் பிழைத்தன.

"இல்லை" என்றேன். "இன்னும் இருக்கின்றன."

"எத்தனை?"

"பத்தொன்பது பாக்கெட். இதற்கு முந்தின ஐந்து வருடத்தில்."

அவற்றின் பெட்டிகள் எங்கே என்று கேட்டார். இந்த வரிசையை விதைத்ததற்கு முந்தின வருடக் கடைசியில் சேமிப்பறையை இடம் மாற்றினோம். அப்போது பழைய பெட்டிகளையெல்லாம் காலி செய்யச் சொன்னார்கள். கையெழுத்து யார் போடுவார்கள் என்று கேட்க எனக்கு ஆங்கிலம் வரவில்லை. நானே தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டுபோய் எருக்குழியில் கொட்டினேன். இதையும் சொன்னேன்.

டயான் கையை எடுத்துக்கொண்டார். ஸ்டூலில் உட்கார்ந்து, மேசையில் இருந்த குறிப்பேட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து என் பக்கம் தள்ளினார். எண்கள் ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டார்.

இருந்தன. நான் சுத்தம் செய்த எந்த வரிசையும் எனக்கு மறந்ததில்லை. பத்தொன்பதையும் வரிசையாக எழுதிக் கொடுத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக விரல் வைத்துப் படித்தார். நான்காவது எண்ணில் விரல் நின்றது. போன வருடம் பழைய பதிவு தவறு என்று சொல்லி, அவரே பட்டியலிலிருந்து எடுத்த பாக்கெட் அது. அதற்குக் கீழே அவர் படிக்கவில்லை.